பனிமலை யாருக்குச் சொந்தம்?

பனிச்சறுக்கு என்று ஒரு விளையாட்டு உண்டு. குளிர்காலத்தில் மலைச்சரிவெல்லாம் பனி மூடிக் கிடக்கும் நாடுகளில், காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டு, கையில் இரண்டு கோல்களைப் பிடித்துக்கொண்டு, உச்சியிலிருந்து அடிவாரத்துக்குச் சறுக்கி வருவார்கள். படங்களில் பார்த்திருப்பீர்கள். பளபளக்கும் உடை, கறுப்புக் கண்ணாடி, பின்னால் மாளிகை போன்ற ஹோட்டல். "இது பணக்காரன் பொழுதுபோக்கு. ஆலையில் நூல் முடிகிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன இருக்கிறது?" என்று பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.

இந்த முறை புரட்ட வேண்டாம். இந்த விளையாட்டுக்கு இன்றைய உருவம் கொடுத்தவன் பணக்காரன் அல்ல, நிலமில்லாத குடியானவன். அமெரிக்க மலையூர் ஒன்றில் குழந்தைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவன் ஒரு கொத்தனார். கம்பெனிகள் பிற்பாடுதான் வந்தன. வந்து மலைக்கு வாசற்கதவு போட்டு டிக்கெட் கிழித்தன. ஆனால் எல்லா மலைகளும் அவர்கள் கைக்குப் போய்விடவில்லை. சில ஊர்களில் ஜனங்கள் தங்கள் மலையைத் தாங்களே வைத்துக்கொண்டு, லாபம் பார்க்காமல், ஊர்க் குழந்தைகளுக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்து வருகிறார்கள். அந்தக் கதையில் உழைப்பவன் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது.

குடியானவன் கொடுத்த விளையாட்டு

நார்வே நாட்டில் டெலிமார்க் என்ற பகுதியில் மோர்கெடால் என்று ஒரு சிற்றூர். அங்கே 1825-ல் பிறந்தவர் சோண்ட்ரே நூர்ஹெய்ம். சொந்த நிலம் கிடையாது. பிறர் நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு, அதற்கு ஈடாக உழைத்துக் கொடுக்கும் குடும்பம். அப்படிப்பட்ட வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நம் பண்ணையாட்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்டில் பனிக்காலத்தில் பக்கத்து ஊருக்குப் போவதென்றாலே காலில் பலகை வேண்டும். நூற்றாண்டுகளாக இருந்த பழக்கம்தான். ஆனால் பழைய பலகையில் கால்விரலை மட்டும் ஒரு வாரில் நுழைத்திருப்பார்கள். வேகமாகத் திரும்பினால் பலகை கழன்றுவிடும். நூர்ஹெய்ம் முறுக்கிய மரக்கொடியால் குதிகாலையும் சேர்த்துக் கட்டும் முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் சரிவில் வளைந்து வளைந்து இறங்கவும், மேட்டிலிருந்து தாண்டவும் முடிந்தது. 1868-ல் தலைநகரில் நடந்த போட்டியில் 42 வயதான இந்த ஏழை பட்டணத்துக்காரர்களைத் தோற்கடித்தார். இன்று ஒலிம்பிக்கில் உச்சரிக்கப்படும் 'ஸ்லாலம்' என்ற சொல், அந்தப் பகுதிக் குடியானவர்களின் பேச்சிலிருந்து வந்ததுதான்.

புகழ் வந்தது; நிலம் வரவில்லை. 1884-ல் அவர் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1897-ல் அங்கேயே இறந்தார்.

அவருக்குப் பின் 1905-ல் அதே நார்வேயிலிருந்து அமெரிக்கா போனவர் கார்ல் ஹோவெல்சன், கல்லும் செங்கல்லும் வைத்துக் கட்டும் கொத்தனார். சிறிது காலம் சர்க்கஸ் கம்பெனியில் பனிச்சறுக்குத் தாண்டல் செய்து காட்டிச் சம்பாதித்தார். 1913-ல் கொலராடோ மாநிலத்து மலையூரான ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸுக்கு வந்து சேர்ந்தார். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சறுக்கவும் தாண்டவும் கற்றுக்கொடுத்தார். 1914-ல் குளிர்கால விழா ஒன்றைத் தொடங்கினார். 1922-ல் அவர் தாய்நாட்டுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் அவர் கற்றுக்கொடுத்த குன்று இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. 'ஹோவெல்சன் குன்று' நகரசபைக்குச் சொந்தம். 1915 முதல் அங்கே சறுக்கு நடக்கிறது. லாப நோக்கமில்லாத குளிர்கால விளையாட்டுச் சங்கம் ஒன்று அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளைப் பழக்கி வருகிறது. ஒலிம்பிக்குக்குப் போனவர்கள் பலர் அந்தக் குன்றில் விழுந்து எழுந்தவர்களே. அண்மை ஆண்டுகளில் பனிக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டணமே இல்லாமல் குன்றைத் திறந்துவைத்திருக்கிறார்கள்.

அதே ஊரில் இன்னொரு மலையும் இருக்கிறது. அது பெருங்கம்பெனியின் மலை. அங்கே ஞாயிற்றுக்கிழமை இனாம் கிடையாது!

கம்பெனியின் கணக்கு

1934-ல் வெர்மான்ட் மாநிலத்தில் வுட்ஸ்டாக் என்ற ஊரில் ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்தில், மோட்டார் கார் எஞ்சினை வைத்து ஒரு நீண்ட கயிற்றைச் சுற்றவிட்டார்கள். கமலையில் வடம் ஓடுவதுபோல் கயிறு மேலும் கீழும் ஓடும். அதைப் பற்றிக்கொண்டால் மேட்டுக்கு இழுத்துச் செல்லும். அமெரிக்காவின் முதல் சறுக்குக் கயிறு அதுதான். அதற்குப்பின் ஊருக்கு ஊர் இப்படிக் கயிறு கட்டினார்கள். விவசாயி, பள்ளிக்கூடம், ஊர்ச் சங்கம் என்று யார் வேண்டுமானாலும் நடத்தினார்கள். ஒரு பழைய எஞ்சினும் ஒரு சரிவும் இருந்தால் போதும்.

பிறகு மூலதனம் வந்தது. நாற்காலி தொங்கும் கம்பிவடங்கள், செயற்கைப் பனி பீய்ச்சும் எந்திரங்கள், ஹோட்டல்கள், வீட்டுமனைகள். கொலராடோவில் வேய்ல் என்ற மலை 1962-ல் திறக்கப்பட்டது. அதை நடத்தும் கம்பெனி 1997-ல் நியூயார்க் பங்கு மார்க்கெட்டில் இறங்கியது. அதன்பின் மலைமேல் மலையாக வாங்கிச் சேர்த்து, இன்று பல நாடுகளில் சுமார் நாற்பது மலைகளைக் கையில் வைத்திருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. வேய்ல் மலைச்சரிவு கம்பெனியின் நிலமல்ல, தேசிய வனம். அமெரிக்க ஜனங்களின் பொதுச்சொத்து. சர்க்கார் அனுமதி கொடுத்து வாடகை வாங்குகிறது. 1996-ம் வருஷச் சட்டப்படி வருமானத்தில் ஒன்றரை சதவீதம் முதல் நான்கு சதவீதம் வரைதான் அந்த வாடகை. மலை ஜனங்களுடையது, மலைக்குப் போகும் வழி கம்பெனியுடையது!

வழிக்கு என்ன விலை? இந்தக் கம்பெனியின் பெரிய மலைகளில் நெரிசலான நாட்களில் ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்க மத்திய சர்க்கார் 2009-ல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 290 டாலர். அந்தக் கூலி வாங்குகிறவன் ஒரு வாரம் முழுக்க உழைத்தாலும், சாப்பிடாமல் வாடகை கொடுக்காமல் இருந்தாலும், ஒரு நாள் சறுக்குவதற்கு 10 டாலருக்கு மேல் குறைகிறது. குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போவது எங்கே?

"முன்கூட்டியே வருஷச் சீட்டு வாங்கினால் மலிவு" என்று கம்பெனிக்காரன் சொல்வான். உண்மைதான். அந்த வருஷச் சீட்டு ஆயிரம் டாலர் அளவில் நிற்கிறது. மொத்தமாக வாங்கினால் அரிசியும் மலிவுதான். மொத்தமாக வாங்கப் பணம் வைத்திருப்பவனுக்கு மலிவு. அன்றாடம் வாங்குகிறவனுக்குக் கிராக்கி. இந்தக் கணக்கை மளிகைக் கடையில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

மலையில் வேலை செய்கிறவர்கள் கதையும் இதுதான். யூட்டா மாநிலத்துப் பார்க் சிட்டி மலையை 2014-ல் இந்தக் கம்பெனி வாங்கியது. அங்கே பனிச்சரிவு அபாயத்தைப் பார்த்துச் சொல்வதும், விழுந்தவர்களைத் தூக்கி வருவதும் காவல்படைத் தொழிலாளிகளின் வேலை. உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஆரம்பக் கூலி மணிக்கு 21 டாலர். 23 டாலர் கேட்டார்கள். கிடைக்கவில்லை. 2024 டிசம்பர் 27-ல், கூட்டம் அலைமோதும் விடுமுறை வாரத்தில், சுமார் 200 பேர் தொழிற்சங்கத்தின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். மலையின் பெரும்பகுதி மூடிக் கிடந்தது. நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வந்தவர்கள் வரிசையில் மணிக்கணக்கில் நின்றார்கள். 2025 ஜனவரி 8-ல் கம்பெனி இறங்கி வந்தது. கேட்ட கூலி கிடைத்தது. மலையை நடத்துவது பங்குப் பத்திரம் அல்ல, மனித உழைப்பு என்பது 13 நாளில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

சமையலறையில் தொடங்கிய பள்ளிக்கூடம்

இனி மறுபக்கம் பார்ப்போம். வெர்மான்டில் ரிச்மண்ட் என்று ஒரு சிறு ஊர். மிக்கி காக்ரன் என்ற எஞ்சினீயரும் அவர் மனைவி ஜின்னியும் அங்கே ஒரு பழைய பண்ணையை வாங்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. 1961-ல் அதில் சுமார் 400 அடி நீளத்துக்குக் கயிறு கட்டி எஞ்சினை ஓட்டினார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு தங்கள் நான்கு குழந்தைகளும் பழக வேண்டும் என்பதற்காக விளக்கும் போட்டார்கள்.

எஞ்சின் சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வந்தார்கள். வந்தவர்களை அந்தக் குடும்பம் விரட்டவில்லை. மிக்கி சரிவில் நின்று சொல்லிக் கொடுத்தார். ஜின்னி பள்ளி விட்ட பின் வகுப்பு நடத்தினார். குளிரில் நடுங்கியவர்களுக்கு அவர் வீட்டுச் சமையலறையே சத்திரம்.

அந்தச் சிறு சரிவிலிருந்து என்ன விளைந்தது? நான்கு பிள்ளைகளும் ஒலிம்பிக்குக்குப் போனார்கள். பார்பரா ஆன் 1972-ல் ஜப்பானில் சப்போரோ நகரத்தில் ஸ்லாலம் போட்டியில் ஒரு விநாடியில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் தங்கம் வென்றார். ஐம்பது வருஷம் கழித்து, 2022-ல், அவர் மகன் ரயன் பீஜிங்கில் வெள்ளி வென்றார். பெரிய மலைகளோடு ஒப்பிட்டால் இது மேடு. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் சுமார் 350 அடிதான் உயர வித்தியாசம்.

ஆனால் பதக்கம் அல்ல விஷயம். 1998-ல் மிக்கி காலமானார். அதே ஆண்டில் அந்தச் சரிவு லாப நோக்கமற்ற பொது ஸ்தாபனமாக மாற்றப்பட்டது. பணமில்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதே அதன் கொள்கை. கட்டணம் உண்டு, ஆனால் பெரிய மலைகளின் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். கட்ட முடியாதவர்களுக்கு உதவி உண்டு. சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். சொல்லிக் கொடுப்பவர்களில் பலர், தாங்களே அங்கே பிள்ளைகளாக விழுந்து எழுந்து பழகியவர்கள். வருஷ முடிவில் மிச்சம் இருந்தால் எந்தப் பங்குதாரனுக்கும் போவதில்லை; கயிற்றுக்கும் எஞ்சினுக்கும் பிள்ளைகளுக்கும் திரும்பி வருகிறது.

இது ஒரு நல்ல குடும்பத்தின் கதை மட்டும்தானா? இல்லை. ஐடஹோ மாநிலத்தில் பாய்ஸி நகரத்துக்கு அருகே போகஸ் பேசின் என்ற மலை 1942-ல் திறக்கப்பட்டது. அதுவும் லாப நோக்கமற்றது. 1998-ல் அந்த நிர்வாகம் வருஷச் சீட்டின் விலையை ஒரேயடியாக 199 டாலராகக் குறைத்தது. அதுவரை வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உள்ளே வந்தன. "ஜனங்களுக்கு இந்த விளையாட்டில் ஆசையில்லை" என்று சொல்லப்பட்டதெல்லாம் பொய். ஆசை இருந்தது. கதவுதான் சாத்தியிருந்தது.

பனியில் குழந்தை என்ன படிக்கிறது?

"சரி, சறுக்கத் தெரிந்து அந்தக் குழந்தைக்கு என்ன ஆகப்போகிறது? சோறு வருமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

முதல் நாள் குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது சறுக்குவதை அல்ல, விழுவதை. பக்கவாட்டில் எப்படி விழுவது, பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து எப்படி எழுவது. அடுத்தது, முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரித்து, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வது. பிறகு தனக்குக் கீழே போகிறவருக்கே வழி உரிமை என்ற நியதி. மேலிருந்து வருகிறவன்தான் ஒதுங்க வேண்டும். உலகத்தில் பல இடங்களில் கீழே இருப்பவன்தானே ஒதுங்குகிறான்! பனிச்சரிவில் நியதி தலைகீழ். அதைக் குழந்தை விளையாட்டிலேயே கற்றுக்கொள்கிறது.

பயத்தை அடக்குவது, வானத்தைப் பார்த்து நிலைமை அறிவது, விழுந்தவனைத் தூக்காமல் தாண்டிப் போகாமல் இருப்பது, இவையெல்லாம் புத்தகத்தில் வராத படிப்பு. முதலாளி வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு காசு கொடுத்தால் கிடைக்கிறது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் "சோறு வருமா?" என்று நாமே கேட்டு மறுக்க வேண்டுமா? எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய தொழிலாளிகள் எட்டு மணி நேர ஓய்வையும் சேர்த்துத்தான் கேட்டார்கள். ஐரோப்பாவின் தொழிலாளிகள் வெறும் கேள்வியோடு நிற்கவில்லை. 1895-ல் வியன்னாவில் 'இயற்கை நண்பர்கள்' என்ற சங்கத்தை அமைத்து, மலைகளில் தங்கள் கையாலேயே தங்கும் வீடுகள் கட்டினார்கள். 1925-ல் ஷ்ரைபர்ஹாவ் என்ற மலையூரில் தொழிலாளிகளுக்கென்றே குளிர்கால ஒலிம்பிக் நடத்தினார்கள். மலைக்காற்று மாளிகைவாசிகளின் தனிச்சொத்து அல்ல என்று அவர்கள் அன்றே காட்டினார்கள்.

நிறையும் குறையும்

லாப நோக்கமற்றது என்று பலகை மாட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 735 சறுக்கு மலைகள் இருந்தன. இன்று 500-க்கும் குறைவு. மூடப்பட்டவை பெரும்பாலும் சிறு மலைகள். காரணம் என்ன? ஒன்று, இன்ஷூரன்ஸ். வெர்மான்டில் ஸ்ட்ராட்டன் மலையில் விழுந்து கைகால் செயலிழந்த ஓர் இளைஞருக்கு 15 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பை 1978-ல் மாநில உயர்ந்த நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த இளைஞருக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் அதைச் சாக்காக வைத்துப் பெரிய மலை, சின்ன மலை என்று பாராமல் பிரீமியத்தை ஏற்றின. இரண்டாவது, பனி. பூமி சூடேறி வருகிறது, குளிர்காலம் சுருங்குகிறது. வானம் பனி தராவிட்டால் எந்திரம் தர வேண்டும். எந்திரத்துக்குத் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். நாற்பது மலை வைத்திருப்பவன் ஒரு மலை நஷ்டத்தை இன்னொரு மலையில் எடுப்பான். ஒரே ஒரு சிறு சரிவை வைத்திருக்கும் ஊர் என்ன செய்யும்?

நன்கொடை கேட்கும். நன்கொடை நல்ல மனத்திலிருந்து வருகிறது. ஆனால் மனம் மாறினால் நின்றுவிடும். கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே என்ற நிலை குழந்தைகளுக்கு நல்லதல்ல. ஆகவே என் அபிப்பிராயம் இது. குடும்பத்தின் நல்லெண்ணத்தில் தொடங்குவது போதாது. நன்கொடையில் தொடர்வதும் போதாது. ஸ்டீம்போட் ஸ்பிரிங்ஸ் செய்ததுபோல் ஊரே நிலத்துக்குச் சொந்தம் கொண்டாட வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் குடிதண்ணீருக்கும் செலவிடுவதுபோல் பொதுப்பணத்திலிருந்து செலவிட வேண்டும். அப்போதுதான் கற்றுக்கொள்வது தர்மமாக இல்லாமல் பாத்தியதையாக ஆகும்.

அதிலும் முழுத் திருப்தி அடைய முடியாது. அந்த ஊரில் ஹோட்டல் அறை கூட்டுகிறவர்களும் சமையல்காரர்களும் வாடகை கொடுக்க முடியாமல், பல மைல் தள்ளி வேறு ஊர்களிலிருந்து தினமும் வேலைக்கு வருகிறார்கள். குன்று இனாமாகத் திறந்திருந்தாலும், ஓய்வுநாளும் போக்குவரத்தும் இல்லாதவனின் பிள்ளை அங்கே எப்படி வந்து சேரும்? குன்று பொதுவாக இருந்தால் மட்டும் போதாது; கூலியும் வீடும் நேரமும் வேண்டும். இந்தக் குறையைச் சொல்வதால் அந்தக் குன்றின் மதிப்பு குறையவில்லை. பாதிக் கிணறு தாண்டியிருக்கிறார்கள் என்று சொல்கிறோம். மீதியையும் தாண்ட வேண்டும் என்கிறோம்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

குழந்தைகளுக்காக ஒரு விளையாட்டு இடம் என்று எவர் சொன்னாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். நிலம் யாருடையது? கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? மிச்சப் பணம் எங்கே போகிறது? வேய்ல் மலையில் முதல் கேள்விக்குப் பதில் "ஜனங்களுடையது". ஆனால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பதில் "கம்பெனி". அதனால்தான் பொதுநிலத்தில் நின்றும் மலை தனியாருடையதாக இருக்கிறது. ரிச்மண்டில் அந்தப் பண்ணைச் சரிவு தனியாருடையதாகத் தொடங்கியும், மற்ற இரண்டு பதில்களும் நல்லவையாக இருந்ததால் பொதுவாக ஆகிவிட்டது. பத்திரத்தில் எழுதியிருப்பது ஒன்று. நடைமுறையில் கதவைத் திறக்கும் சாவி வேறொன்று. சாவி யார் கையில் என்று பார்க்கப் பழக வேண்டும்.

நிலமில்லாத நூர்ஹெய்ம் கொடியை முறுக்கிக் குதிகாலைக் கட்டியபோது எந்தப் பேட்டன்ட்டும் வாங்கவில்லை. கொத்தனார் ஹோவெல்சன் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தபோது டிக்கெட் கிழிக்கவில்லை. ஜின்னி காக்ரன் சமையலறையைத் திறந்துவிட்டபோது நாற்காலிக்கு வாடகை கேட்கவில்லை. உழைக்கிறவர்கள் உண்டாக்கி, உழைக்கிறவர்கள் கற்றுக்கொடுத்து, ஊரே வளர்த்த ஒரு விளையாட்டை, அதே உழைக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வாரக் கூலிக்கு மேல் விலைவைத்து விற்பது எந்த நியாயம்?

மலையை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. பனியை எந்தப் பங்குதாரனும் பெய்யவைக்கவில்லை. கதவை மட்டும்தான் அவர்கள் செய்தார்கள். மனிதர் செய்த கதவை மனிதர் திறக்க முடியும். ரிச்மண்டிலும் ஸ்டீம்போட்டிலும் பாய்ஸியிலும் திறந்து காட்டியிருக்கிறார்கள். மற்ற மலைகளின் கதவுகளும் திறக்கட்டும்!